மலையை விட்டு இறங்குமுன் ஒரு கணக்கு: நீலகிரியில் மழை, இலை விலை, இடப்பெயர்வு

நீலகிரியில் எந்த ஹட்டிக்குப் போனாலும் பூட்டிய வீடுகளைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டால், "கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வருவார்கள்" என்பார்கள். அந்த வீட்டுக்குக் கீழே அரை ஏக்கர் தேயிலை கவாத்து காணாமல் மரமாக வளர்ந்து நிற்கும். அதன் மேல் உண்ணிச்செடி படர்ந்திருக்கும்.

இது ஒரு ஊரின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011-ல் 7,35,394 பேர்தான் இருந்தார்கள். பத்து ஆண்டுகளில் 26,747 பேர் குறைந்துவிட்டார்கள். அதே பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மக்கள் தொகை 15 சதவீதத்துக்கும் மேல் கூடியது. மாநிலத்தில் மக்கள் தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான்.

ஏன் இறங்கினார்கள் என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை" என்பார்கள் சிலர். "மழையும் பனியும் முன்போல் இல்லை, காட்டெருமை வேறு" என்பார்கள் சிலர். இரண்டும் சரிதான். ஆனால் இந்த இரண்டும் எப்படி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கிளப்புகின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான், நம் தோட்டத்தில் எதைக் காப்பாற்றலாம், எதை விடலாம் என்று முடிவு செய்ய முடியும். நீங்கள் மலை விவசாயியாக இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும். வானம் பார்த்த பூமி எங்கே இருந்தாலும் இதே கணக்குத்தான்.

மலைக்கு வந்ததும் பஞ்சத்தால்தான்

இடப்பெயர்வு இந்த மலைக்குப் புதிதில்லை. 1876 முதல் 1878 வரை தமிழ் மாவட்டங்களை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, வேலை இல்லை. அந்தக் காலத்தில் சமவெளியில் இருந்து லட்சக்கணக்கானவர்கள் கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களுக்கும் போனார்கள்.

இலங்கைக்குப் போனவர்களில் பலருடைய வாரிசுகள் திரும்பி வந்ததும் இதே மலைக்குத்தான். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968-ல் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ.

அந்த டான்டீயின் இப்போதைய நிலையைப் பாருங்கள். நஷ்டம், ஆள் பற்றாக்குறை, வனவிலங்குத் தொல்லை என்று காரணங்கள் காட்டி, 2,000 ஹெக்டேருக்கும் மேலான தேயிலை நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022-ல் முடிவானது. இலங்கையில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். பஞ்சத்துக்குப் பயந்து ஏறிய குடும்பம் நான்காவது, ஐந்தாவது தலைமுறையில் வேறு காரணங்களால் இறங்குகிறது.

மழை பெய்யும் விதம் மாறினால் என்ன ஆகும்?

நீலகிரிக்கு இரண்டு மழை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. இடையில் கோடை மழை வந்தால் கொழுந்து துளிர்க்கும். இந்தத் தவணையை நம்பித்தான் கவாத்தும் உரமும் மருந்தும்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், மாதக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை ஒன்றிரண்டு நாளில் கொட்டிவிட்டு நிற்கும்போதுதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. தமிழ்நாட்டின் ஓர் ஆண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 95 செ.மீ.தான். ஒரு வருட மழையை ஒரே நாளில் வாங்கிக்கொள்ள எந்த மலைச்சரிவுக்கும் சக்தி கிடையாது.

வளிமண்டலம் சூடாகும்போது காற்று கூடுதலாக ஈரத்தைத் தாங்குகிறது. அதனால் பெய்தால் கொட்டுகிறது. பெய்யாத நாட்களில் மண்ணில் இருக்கும் ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது. தெற்கு ஆசியாவில் கனமழை நாட்கள் இனியும் கூடும் என்று உலக அளவிலான காலநிலை ஆய்வறிக்கைகள் சொல்கின்றன.

தேயிலைச் செடிக்கு இதன் பொருள் என்ன? செடிக்கு இதமான வெப்பம் சுமார் 18 முதல் 25 டிகிரி வரை. வெயிலும் வறண்ட காற்றும் நீண்டால் துளிர் நிற்கும், சிவப்புச் சிலந்திப்பேன் ஏறும். விடாமல் தூறலும் மூட்டமும் இருந்தால் கொப்புள நோய் வரும். டிசம்பர், ஜனவரியில் பள்ளத் தோட்டங்களில் உறைபனி விழுந்தால் இலை கருகும். இவையெல்லாம் பழைய எதிரிகள்தான். ஆனால் ஒரே வருடத்தில் மூன்றும் சேர்ந்து வந்தால் சிறு விவசாயியின் கையில் மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும்.

ஒரு நாள் கூலிக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். இது உதாரணத்துக்குப் போட்ட கணக்கு. உங்கள் ஊர்க் கூலியையும் ஃபேக்டரி கொடுக்கும் விலையையும் போட்டு நீங்களே சரிபாருங்கள்.

கையால் எடுக்கும் ஓர் ஆள் நல்ல துளிர் இருக்கும் மாதத்தில் நாளுக்கு 30 கிலோ இலை எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். கூலி 450 ரூபாய். இலைக்குக் கிலோ 15 ரூபாய் விலை. 30 கிலோவுக்கு 450 ரூபாய் வரும். கூலிக்கும் இலைக்கும் சரியாகப் போய்விட்டது. உரத்துக்கும் வண்டி வாடகைக்கும் உங்கள் உழைப்புக்கும் மிச்சம் பூஜ்யம்.

மழை இல்லாத மாதம். அதே ஆள், அதே தோட்டம், 15 கிலோதான் கிடைக்கிறது. வருமானம் 225 ரூபாய். கூலி அதே 450. ஒரு ஆளுக்கு 225 ரூபாய் கைநஷ்டம். நீங்கள் என்ன செய்வீர்கள்? "இந்த ரவுண்டு வேண்டாம், அடுத்த மழைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவீர்கள். விட்டால் இலை முற்றும். முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் விலையைக் குறைப்பார்கள். எடுக்க வந்த ஆளுக்கு வேலை இல்லை என்பதால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். மழை வந்து துளிர்க்கும்போது எடுக்க ஆள் இருக்காது.

இப்போது அதே கணக்கை வேறு விலையில் போடுங்கள். 2023-ல் கோத்தகிரி பகுதி விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. அந்த விலை கிடைத்தால், நல்ல மாதத்தில் 30 கிலோவுக்கு 1,005 ரூபாய் வரும். மோசமான மாதத்தில் 15 கிலோவுக்கும் 502 ரூபாய் 50 காசு வரும். அதாவது பாதி விளைச்சல் போனாலும் கூலி நிற்கிறது. ரவுண்டு விட்டுப்போகாது. ஆளும் ஊரிலேயே இருப்பார்.

இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம் இதுதான். மழை எல்லோருடைய தோட்டத்திலும் மாறுகிறது. அந்த அடியைத் தாங்கிக்கொண்டு நிற்பவர் யார், கிளம்புபவர் யார் என்பதை முடிவு செய்வது அவர் கையில் இருக்கும் மிச்சம். நல்ல மாதத்திலேயே மிச்சம் இல்லாதவருக்கு ஒரே ஒரு மோசமான பருவம் போதும். அதனால் விலைப் பிரச்சினையும் வானிலைப் பிரச்சினையும் வேறு வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்பதுகூட வானிலை மாற்றத்தைத் தாங்குவதற்கான கோரிக்கைதான். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையை உங்கள் ஃபேக்டரி ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும்.

இறங்கியவர் இடத்துக்கு யார் வருகிறார்கள்?

ஒரு தோட்டம் கைவிடப்பட்டால் பக்கத்துத் தோட்டக்காரருக்குத்தான் முதல் பாதிப்பு. கவாத்து இல்லாத தேயிலையும் உண்ணிச்செடியும் காட்டெருமைக்கும் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் நல்ல மறைவிடம். முன்பு காலை ஆறு மணிக்குக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் இப்போது வெயில் ஏறிய பிறகு போகிறார்கள். பயத்தால் வேலை நேரம் குறைகிறது, எடுக்கும் கிலோவும் குறைகிறது. அந்தத் தோட்டமும் சில வருடத்தில் கைவிடப்படுகிறது. ஒருவர் இறங்கினால் அடுத்தவரையும் அது இழுக்கிறது.

இன்னொரு பக்கம், ஆட்களும் வருகிறார்கள். ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து தேயிலைத் தோட்டங்களிலும் கேரட், பூண்டு காடுகளிலும் வேலை செய்கிறார்கள். "வடக்கத்திக்காரர்கள் வந்து நம் வேலையை எடுத்துக்கொண்டார்கள்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஜார்க்கண்டில் பெரும்பாலான நிலம் மானாவாரி. வருடத்துக்கு ஒரு நெல் போகம்தான். 2022-ல் மழை பொய்த்து அந்த மாநிலத்தின் பெரும்பாலான வட்டாரங்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. தாது வருடத்தில் நம் முன்னோர்கள் எந்தக் காரணத்துக்காக மலை ஏறினார்களோ, ஏறத்தாழ அதே காரணத்துக்காகத்தான் அவர்களும் ஏறுகிறார்கள்.

உலக வங்கி 2021-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையும் இதையே பெரிய அளவில் சொல்கிறது. தண்ணீர் குறைவு, விளைச்சல் குறைவு, கடல் மட்ட உயர்வு ஆகியவற்றால் 2050-க்குள் வளரும் நாடுகளில் 21.6 கோடி பேர் வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர வேண்டிவரலாம் என்று அது கணக்கிட்டது. அதில் தெற்கு ஆசியாவின் பங்கு சுமார் 4 கோடி. நாடுகள் முன்கூட்டியே செயல்பட்டால் இந்த எண்ணிக்கையை 80 சதவீதம் வரை குறைக்கலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியை.

மண் சரிந்த பிறகு போவது இடப்பெயர்வு கிடையாது

மெதுவாக நடக்கும் மாற்றத்தில் யோசிக்க நேரம் உண்டு. மண் சரிவில் அது கிடையாது. மலையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இரண்டு இடங்களை மறக்கக் கூடாது.

ஒன்று பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலை அருகே தேயிலைத் தொழிலாளர் லைன் வீடுகள் மீது மலை சரிந்தது. 70 பேர் போய்விட்டார்கள். அவர்கள் தமிழ்க் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. பிழைப்புக்காக மலை ஏறிய குடும்பங்கள், தலைமுறைகள் கடந்தும் தோட்டம் கொடுத்த லைன் வீட்டிலேயே இருந்தார்கள்.

மற்றொன்று நம் பந்தலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயநாடு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய அதே நாட்களில் வயநாட்டுப் புத்துமலை சரிந்து 17 பேர் இறந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30 அதிகாலையில், அதன் அருகிலேயே முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்களுக்காக கல்பெட்டாவில் ஒரு எஸ்டேட் நிலத்தை எடுத்து, 2025 மார்ச்சில் புது ஊருக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

இரண்டு இடத்திலும் பலர் அங்கே இருந்ததற்குக் காரணம், வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்ததுதான். வேலையை விட்டால் வீடு போகும். அதனால் ஆபத்து தெரிந்தாலும் இறங்க முடியாது. ஆக, இறங்குபவர்களைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்க வழி இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் நம்மில் ஏழைகள்.

இருப்பவர்கள் செய்ய வேண்டியது

வானத்தை மாற்ற முடியாது. மோசமான பருவத்தைத் தாங்கும் மிச்சத்தைக் கூட்டலாம், நஷ்டத்தைக் குறைக்கலாம். கீழே சொல்பவை பெரிய செலவு இல்லாதவை.

1. வடிகாலை முதலில் பாருங்கள். கொட்டும் மழையில் தோட்டத்தைக் காப்பாற்றுவது வடிகால்தான். சமமட்ட வாய்க்கால்களையும் வண்டல் குழிகளையும் மே மாதத்துக்குள் ஒருமுறை, அக்டோபர் தொடக்கத்துக்குள் ஒருமுறை தூர்வாருங்கள். உங்கள் தண்ணீரைப் பக்கத்துக்காரர் தோட்டத்துக்குள் திருப்பிவிடாதீர்கள். பாதை ஓர வாய்க்கால் வரை எல்லோரும் சேர்ந்து கொண்டுபோய்ச் சேருங்கள்.

2. சரிவான நிலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள். தேயிலையின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட கேரட் காட்டில் ஒரு கனமழை போதும், மேல்மண் ஓடைக்குப் போய்விடும். காய்கறிதான் வேண்டும் என்றால் படிமட்டம் அமைத்து, குறுக்கே பாத்தி போடுங்கள். ஊட்டியில் இருக்கும் மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தில் இதற்கு ஆலோசனை கிடைக்கும்.

3. மலைச்சரிவின் அடிவாரத்தை மண் அள்ளும் இயந்திரம் வைத்து வெட்டாதீர்கள். இதற்கு நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அடியை வெட்டினால் மேலே நிற்கும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பிடிமானம் போய்விடும் என்பதுதான் பெரிய விஷயம்.

4. கவாத்தைப் பிரித்துப் போடுங்கள். முழுத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் கவாத்து செய்தால் அந்த வருடம் வருமானமே இருக்காது. நான்கு பங்காகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்கு என்று செய்தால், ஒரு பருவம் பொய்த்தாலும் மற்ற மூன்று பங்கில் இலை இருக்கும். உறைபனி விழும் பள்ளப் பகுதியில் பனிக்காலத்துக்கு முன் கவாத்து போடாதீர்கள். குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தில் உங்கள் உயரத்துக்கு ஏற்ற மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. நிழல் மரத்தை விறகுக்காக முழுவதும் வெட்டிவிடாதீர்கள். வெயிலில் செடிக்கும், பனியில் இலைக்கும் அது குடை. மழைக்கு முன் கிளையை மட்டும் கழியுங்கள். கூடலூர், பந்தலூர் போன்ற தாழ்வான பகுதியில் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றலாம். தேயிலை கைவிடும் வருடத்தில் மிளகு கைகொடுக்கும்.

6. ஆள் பற்றாக்குறையைத் தனியாகச் சமாளிக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழுவாகி, இலை எடுக்கும் இயந்திரத்தையும் கவாத்து இயந்திரத்தையும் பொதுவில் வையுங்கள். ரவுண்டு தவறாமல் இருக்கும். வெளியூருக்குப் போனவரின் தோட்டத்தையும் குழுவே பராமரித்து வருமானத்தில் பங்கு கொடுக்கலாம். காடு பிடிப்பது நிற்கும், விலங்குகளுக்கு மறைவிடமும் குறையும்.

7. காய்கறி போடுபவர்கள் பயிர்க் காப்பீட்டை விசாரியுங்கள். இந்தப் பருவத்தில் எந்தப் பயிர், எந்தப் பிர்க்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது, கடைசித் தேதி என்ன என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, பிரீமியம் கட்டிய ரசீதை வாங்கி வையுங்கள். வனவிலங்கு சேதம் என்றால் அன்றே படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

8. எச்சரிக்கையைக் காதில் வாங்குங்கள். மண் சரிவு முன்னறிவிப்பை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் முதலில் சோதித்துப் பார்த்த பகுதிகளில் டார்ஜிலிங்கோடு நீலகிரியும் ஒன்று. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அதைவிட முக்கியம் உங்கள் கண். வீட்டுச் சுவரிலும் தரையிலும் புது விரிசல், கதவு திடீரென்று இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, தெளிவாக ஓடிய ஊற்று கலங்கி வருவது, ஓடிய ஓடை கனமழையிலும் சட்டென்று வற்றுவது. இதில் எதைப் பார்த்தாலும் அன்று இரவு அந்த வீட்டில் தூங்காதீர்கள். மாட்டையும் அவிழ்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

9. வெளிமாநிலத் தொழிலாளர்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மலையின் குணம் உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஓடை ஓரத்திலும் வெட்டிய சரிவின் கீழும் குடிசை போட்டுக் கொடுக்காதீர்கள். எத்தனை பேர், என்ன பெயர், எந்த எண் என்று எழுதி வையுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

போகத்தான் வேண்டும் என்றால்

ஊரை விட்டுப் போவது தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. திருப்பூரில் மகன் சம்பாதித்து அனுப்பும் பணம்தான் பல வீடுகளில் உரம் வாங்குகிறது, வடிகால் வெட்டுகிறது. நம் கவலை போகும் விதத்தைப் பற்றியது. கடன் கழுத்தை நெரித்த பிறகு, கிடைத்த விலைக்கு நிலத்தை விற்றுவிட்டுப் போனவருக்குத் திரும்ப வழி இல்லை. ஏற்பாடு செய்துவிட்டுப் போனவருக்கு இரண்டு ஊர் உண்டு.

முதலில் காகிதங்கள். பட்டா, அடங்கல், தேயிலை வாரியத்தின் சிறு விவசாயி அட்டை, ஃபேக்டரி ரசீதுகள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். கூடலூர் பகுதியில் 1969-ம் ஆண்டு ஜன்மம் சட்டத்தின் பிரிவு 17-ல் சிக்கிய நிலங்களில் பட்டா இல்லாமல் இருப்பவர்கள், குடியிருப்புச் சான்றுகளையும் பழைய வரி ரசீதுகளையும் தொலைத்துவிடாதீர்கள். பட்டா இல்லாதவர்களுக்குக் கடனும் மானியமும் கிடைப்பது ஏற்கெனவே கஷ்டம். ஆளும் ஊரில் இல்லை என்றால் இன்னும் கஷ்டம்.

அடுத்து நிலம். தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதானால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எத்தனை வருடம், எவ்வளவு பணம், கவாத்து யார் பொறுப்பு, வடிகாலை யார் தூர்வாருவது, நிழல் மரத்தைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குத்தகைக்காரர் இலையை மட்டும் எடுத்துக்கொண்டு உரம் போடாமல் விட்டால், மூன்று வருடத்தில் செடி தேறாது.

மூன்றாவது குடும்பம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. போகும் ஊரில் உள்ள ரேஷன் கடையில் உங்கள் பங்கை வாங்கலாம். அட்டையை மலையில் வைத்துவிட்டுப் போய் அரிசியைக் கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள். அமைப்புசாரா தொழிலாளர் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளி ஆண்டின் நடுவில் பிடுங்காதீர்கள். வேலை உறுதியாகும் வரை ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு குடும்பத்தைக் கூட்டிப்போவது நல்லது.

நான்காவது வயதானவர்கள். பல ஹட்டிகளில் இன்று கொழுந்து எடுப்பது அறுபது வயதைத் தாண்டியவர்கள்தான். அவர்களைத் தனியாக விட்டுப் போகிறீர்கள் என்றால், மழைக்காலத்தில் இரவு யார் வீட்டில் தங்குவது, ஆபத்து என்றால் யார் வந்து கூட்டிப்போவது என்று பக்கத்து வீட்டில் பேசி வைத்துவிட்டுப் போங்கள்.

ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியது

தனி ஆள் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. இலைக்குக் கட்டுப்படியாகும் விலை, ஆபத்தான சரிவில் இருக்கும் லைன் வீடுகளுக்கு மாற்று இடம், வேலை முடிந்து ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு, பிரிவு 17 நிலங்களுக்கு ஒரு முடிவு. இவற்றை அரசுதான் செய்ய வேண்டும். ஊராகச் சேர்ந்து எழுத்து மூலம் கேட்க வேண்டியது நாம். கிராம சபையில் தீர்மானம் போட்டால் அது பதிவில் நிற்கும். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் ஊரில் எந்தெந்த வீடுகள் சரிவின் கீழ் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதி எடுத்துப் போங்கள். அந்தப் பட்டியலை மழைக்கு முன் போட்டால்தான் பயன்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். கடந்த பன்னிரண்டு மாத ஃபேக்டரி ரசீதுகளை எடுத்து வைத்து, மேலே போட்ட கூலிக் கணக்கை மாதம் மாதமாகப் போடுங்கள். எத்தனை மாதம் மிச்சம், எத்தனை மாதம் கைநஷ்டம் என்று தெரிந்துவிடும். நஷ்ட மாதங்கள் மூன்றுக்குள் இருந்தால், மேலே சொன்ன கவாத்து, வடிகால், குழு வேலை மூலம் அதைக் கடந்துவிட முயற்சி செய்யலாம். ஆறைத் தாண்டினால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அடுத்த கனமழை வந்து உங்களுக்காக முடிவு எடுப்பதற்கு முன், நீங்களே எடுத்துவிடுங்கள்.